பதின்ம வயதில் மதிப்பீடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: மகனுக்கு 14 வயது. இணையத்தில் ஒரு கேள்வித்தாளை நிரப்பியதில் ஆட்டிசம் என்று வந்தது. இதை நம்பலாமா?

அந்தக் கேள்வித்தாள், யாரை முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று சலித்தெடுக்க மட்டுமே. பதற்றமோ தூக்கக்குறைவோ இருந்தாலும் அதில் மதிப்பெண் ஏறும். முறையான மதிப்பீட்டில் பெற்றோரிடம் சிறுவயது வரலாறு கேட்பார்கள், பள்ளியிடம் தகவல் வாங்குவார்கள், பிள்ளையோடு நேரில் பழகிக் கவனிப்பார்கள். 'ஏடாஸ்-2' என்ற கவனிப்புச் சோதனைக்கே முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். கால் மணி நேரம் பேசிவிட்டு அறிக்கை நீட்டினால் வேறு இடம் பாருங்கள்.

கே: முதல் சந்திப்புக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

முதலில் காதையும் கண்ணையும் பரிசோதித்து, அந்த முடிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். சரியாகக் கேட்காத பிள்ளை கவனிக்காத பிள்ளையாகத்தான் தெரியும்.

அடுத்து, பழைய ஆதாரம். பெற்றோர் பலர் தவறவிடுவது இதைத்தான். ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்பு) என்று சொல்ல, அறிகுறிகள் சில 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது இருக்க வேண்டும். ஆட்டிசத்துக்கும் சிறுவயதுத் தடயம் தேவை. அதனால் தொடக்கப் பள்ளி ரிப்போர்ட் கார்டைத் தேடி எடுங்கள். மதிப்பெண்ணைவிட ஓரத்தில் ஆசிரியர் கிறுக்கிய குறிப்புக்கு மதிப்பு அதிகம். இரண்டு மூன்று வயதில் எடுத்த வீடியோவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா என்பது தெரியும்.

வீட்டில் கவனித்ததையும் எழுதிக் கொண்டுபோங்கள். 'பிடிவாதம்' என்று மட்டும் எழுதாதீர்கள். 'சாப்பாட்டு நேரம் பத்து நிமிடம் தள்ளிப்போனால் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான், அரை மணி நேரம் பேச்சில்லை' என்று எழுதுங்கள். மருந்து ஏதும் எடுத்துக்கொண்டால், சோதனை நாளன்று கொடுக்கலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். மூக்குக்கண்ணாடியை மறக்காதீர்கள் (மறக்கிறார்கள்!).

கே: பிள்ளையின் ஐ.க்யூ. (அறிவுத்திறன் எண்) சராசரிதான். ஆனால் தனியாக எதையும் செய்ய முடியவில்லை. வேறு இடத்தில் மறுபடி சோதிக்கலாமா?

அதே சோதனையை ஓராண்டுக்குள் திரும்ப வைத்தால் பழக்கத்தாலேயே எண் கூடும். கையிலுள்ள அறிக்கையில் உட்பிரிவு மதிப்பெண்களைப் பாருங்கள். சொல்லறிவு உயர்ந்தும் யோசித்துச் செய்யும் வேகம் மிகத் தாழ்ந்தும் இருந்தால் மொத்த எண்ணுக்குப் பெரிய பொருளில்லை. அன்றாடத் திறன்களுக்கான 'வைன்லேண்ட்' போன்ற மதிப்பீடு நடந்ததா என்று விசாரியுங்கள். பணம் எண்ணுவது, நேரம் பார்த்துக் கிளம்புவது எல்லாம் ஐ.க்யூ.வில் வராது.

கே: 15 வயது மகள் வரவே மறுக்கிறாள். கடைக்கு என்று சொல்லி அழைத்துப்போகலாமா?

வேண்டாம். ஏமாந்த கோபத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் எடுக்கும் மதிப்பெண் செல்லாது. 'உனக்கு என்ன கோளாறு என்று பார்க்க' என்பதை விட்டுவிட்டு, அவளே சொல்லும் சிரமத்திலிருந்து தொடங்குங்கள்: பள்ளி விட்டதும் ஏன் அத்தனை களைப்பு? நிபுணரிடம் அவள் தனியாகப் பேச நேரம் உண்டா என்றும் முன்பே கேட்டுச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகள் பலர் தோழிகளைப் பார்த்துப் பேச்சையும் சிரிப்பையும் பழகி வைத்திருப்பார்கள். அதனால் பள்ளியில் ஆசிரியர்கள் 'ஒரு பிரச்சினையும் இல்லை' என்பார்கள். வீட்டுக்கு வந்ததும் உடைந்து அழுவதை நிபுணரிடம் சொல்லத் தவறாதீர்கள்.