பாலைவன விசிறிப் பனை: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: லாஸ் வேகாஸில் வீடு வாங்கியிருக்கிறோம். பின்பக்கம் வெறும் சரளைக்கல்தான். ஊர்ப் பனை ஞாபகமாக ஒரு விசிறிப் பனை வைக்க ஆசை. நர்சரியில் வாஷிங்டோனியா என்ற ஒரே பெயரில் இரண்டு விலை சொல்கிறார்கள். பாலைவன மரம், தண்ணீரே வேண்டாம் என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்குங்கள், ஆனால் முழுப் பெயரைக் கேட்டு வாங்குங்கள். வாஷிங்டோனியாவில் இரண்டு இனம் உண்டு. ஃபிலிஃபெராதான் கலிஃபோர்னியா, அரிசோனா பாலைவனத்து மரம். சுமார் மைனஸ் 9 டிகிரி செல்சியஸ் குளிர் வரை தாங்கும். ரொபஸ்டா மெக்சிகோவைச் சேர்ந்தது. மைனஸ் 6, 7 வந்தாலே அதன் ஓலை கருகிப்போகும். அது மளமளவென்று 25 மீட்டர் வரைகூட வளரும். அப்புறம் ஒவ்வொரு முறை ஓலை கழிக்கவும் கிரேன் வண்டிக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும். உங்கள் ஊருக்கு ஃபிலிஃபெராதான் சரி.

ஓலையில் தொங்கும் வெள்ளை நூலைக் காட்டி "இது ஃபிலிஃபெரா" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வடலிப் பருவத்தில் இரண்டுக்கும் அந்த நூல் இருக்கும். மட்டையின் அடியைப் பாருங்கள். பச்சையாக இருந்தால் ஃபிலிஃபெரா. செம்பழுப்பு ஏறியிருந்தால் ரொபஸ்டாவாகவோ இரண்டும் கலந்ததாகவோ இருக்கும்.

தண்ணீர் வேண்டாம் என்பது தவறு. இது பாலைவனத்திலும் ஊற்றைத் தேடி நிற்கிற மரம். கலிஃபோர்னியாவில் பாம் ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் பக்கத்தில் உள்ள பாம் கேன்யன் என்ற மலையிடுக்கில் ஓடை நெடுகத்தான் தோப்பு இருக்கிறது. அதே பகுதியின் கோச்செல்லா பள்ளத்தாக்கில், சான் ஆண்ட்ரியாஸ் என்ற நிலப்பிளவு, நிலத்தடி நீரை மேலே தள்ளுகிற இடங்களில் கூட்டமாக நிற்கும். தலையில் வெயில், காலடியில் ஈரம், அதுதான் அதற்குப் பழக்கம். நட்ட முதல் இரண்டு கோடைக்காவது மண் ஆழம் வரை நனையத் தண்ணீர் விடுங்கள். தேங்கி மட்டும் நிற்கக் கூடாது.

பெரிய மரங்களைத் தண்டின் உயரத்துக்கு இத்தனை அடி என்று கணக்குப் போட்டு விற்பார்கள். வயலில் தோண்டியெடுத்த மரமென்றால் வேர் அறுபட்டுத்தான் வரும். நானாக இருந்தால் 15 காலன் தொட்டிக் கன்றுதான் வாங்குவேன். விலை குறைவு, வேரும் முழுதாக இருக்கும். ரசீதில் ஃபிலிஃபெரா என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பட்டுப்போனால் எத்தனை மாதத்துக்குள் மாற்றித் தருவார்கள் என்பதும் அதிலேயே இருக்கட்டும். வாய்வார்த்தை போதாது.

மே, ஜூனில் நடுங்கள், சூடான மண்ணில்தான் வேர் ஓடும். தொட்டியில் இருந்த மட்டத்தைவிட ஆழமாகப் புதைக்க வேண்டாம். மின்கம்பிக்கு அடியில் வைக்காதீர்கள். நம் பனை போலவே மட்டையில் கருக்கு உண்டு, பிள்ளைகள் ஓடியாடும் பாதையை விட்டுத் தள்ளி வையுங்கள். நுங்கு கிடைக்காது. பட்டாணி அளவில் கறுப்புப் பழம்தான் காய்க்கும், கவுய்யா பழங்குடி மக்கள் அதை உணவாகக் கொண்டவர்கள்.

காவோலை உதிராமல் தண்டைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கும். பறவைக்கும் வௌவாலுக்கும் அது வீடு, ஆனால் சட்டென்று தீப்பிடிக்கும், அதனால் வீட்டை ஒட்டிய மரத்தில் கழித்துவிடுவதே நல்லது. காய்ந்ததை மட்டும் கழிக்கச் சொல்லுங்கள், பச்சை ஓலையைத் தொட விடாதீர்கள். ஆள் வரும்போது காலில் முள் ஆணி கட்டி ஏறுவாரா என்று கேளுங்கள். அப்படி ஏறுகிறவர் வேண்டாம். பனைத் தண்டில் குத்திய காயம் ஆறவே ஆறாது.