கியர் கடினமாக விழுகிறதா? கியர் பாக்ஸை இறக்கச் சொல்லும் முன் சோதிக்க வேண்டியவை

கேள்வி கேட்டவர் விவரித்திருக்கும் நிலை இது: கார் நின்றுகொண்டு என்ஜின் ஓடும்போது முதல் கியரும் ரிவர்ஸும் அழுத்தித் தள்ளினால்தான் விழுகின்றன, ரிவர்ஸ் விழும்போது கரகரவென்று சத்தம் வருகிறது, ஓட்டத்தில் மூன்றாவதும் நான்காவதும் ஓரளவு எளிதாக விழுகின்றன, கியர் பாக்ஸை இறக்கிப் பார்க்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். என் காரின் வேலைகளைப் பெரும்பாலும் நானே பார்த்துக்கொள்பவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். இந்த அறிகுறிகளுக்குக் கியர் பாக்ஸைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும். முதல் சந்தேகம் கிளட்ச் முழுமையாக விடவில்லை, அதாவது மிதித்தபோதும் என்ஜினையும் கியர் பாக்ஸையும் முழுவதும் பிரிக்கவில்லை என்பதே.

இதை உறுதிப்படுத்த எந்தக் கருவியும் தேவையில்லை. சமதளத்தில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, என்ஜினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்தபடி ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். பிறகு என்ஜினை ஓடவிட்டு அதையே செய்யுங்கள். அணைத்திருக்கும்போது எல்லாக் கியரும் இலகுவாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கோளாறு கிளட்சிலோ அதை இயக்கும் அமைப்பிலோ இருக்கிறது. இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி கடினமாக இருந்தால் கியர் லீவரிலிருந்து கியர் பாக்ஸ் வரை செல்லும் கேபிள்களையும் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். என்ஜின் அணைந்திருக்கும்போது ஏதேனும் ஒரு கியர் முட்டி நின்றால் உடனே அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம். பல்லும் பல்லும் நேருக்கு நேர் நின்றுவிட்டால் அப்படித்தான் ஆகும். நியூட்ரலுக்கு வந்து, காரைச் சற்று நகர்த்திவிட்டு மறுபடி போட்டால் விழும்.

இந்தச் சோதனை ஏன் பலிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கியர் மாற்றும்போது சிங்க்ரோனைசர் வளையம் செய்யும் வேலை, என்ஜினின் சுழற்சியைக் கியர் பாக்ஸுக்குள் கொண்டுவரும் இன்புட் ஷாஃப்டையும் அதோடு சேர்ந்து சுழலும் கிளட்ச் பிளேட்டையும் புதிய கியருக்கு உரிய வேகத்துக்குக் கொண்டுவருவது. கிளட்ச் சரியாக விட்டிருந்தால் அவை இரண்டின் எடையை மட்டுமே வளையம் சமாளிக்க வேண்டும். கிளட்ச் பாதி பிடித்துக்கொண்டே இருந்தால், ஓடும் என்ஜின் அந்த ஷாஃப்டை விடாமல் சுழற்றிக்கொண்டிருக்க, வளையம் என்ஜினோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. வேகம் ஒத்துப்போகும் வரை அது பற்களைச் சேரவிடாது. உங்கள் கை உணரும் கடினம் அந்தத் தடைதான். அதை மீறி அழுத்தினால் கியர் விழும், ஆனால் ஒவ்வொரு முறையும் வளையம் கொஞ்சம் தேயும். கிளட்ச் கோளாறைக் கவனிக்காமல் ஓட்டிய கார்களில் பின்னால் கியர் பாக்ஸும் கெடுவது இதனால்தான்.

ரிவர்ஸ் தரும் தகவல் இன்னும் தெளிவானது, ஏனெனில் பல கியர் பாக்ஸ்களில் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோனைசரே இருப்பதில்லை. கிளட்சை முழுவதும் மிதித்து, நியூட்ரலில் ஐந்தாறு விநாடி காத்திருந்து, பிறகு ரிவர்ஸ் போடுங்கள். காத்திருந்த நேரத்தில் ஷாஃப்ட் தானாகச் சுழன்று நின்றிருக்க வேண்டும்; சத்தமில்லாமல் விழுந்தால் நீங்கள் அவசரப்பட்டுப் போட்டதே முன்பு வந்த கரகரப்புக்குக் காரணம். காத்திருந்தும் கரகரத்தால் என்ஜின் இன்னும் ஷாஃப்டை இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். முன்னே ஆளோ சுவரோ இல்லாத சமதளத்தில், கிளட்சை அடிவரை மிதித்து முதல் கியர் போட்ட நிலையில் கார் மெல்ல முன்னே நகரப் பார்த்தாலும் முடிவு அதுவே.

அப்படியானால் கிளட்ச் பிளேட்டை மாற்றிவிடலாமா என்றால், அவசரம் வேண்டாம். பிளேட் தேய்ந்தால் கிளட்ச் வழுக்கும். அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது என்ஜின் வேகம் ஏறும், கார் அதற்கேற்ப ஓடாது. கியர் விழாமல் இருப்பது இதற்கு நேர் எதிரான கோளாறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி நல்ல பிளேட்டைக் கழற்றி எறிபவர்கள் பணிமனைகளிலும் உண்டு.

முதலில் கிளட்ச் மிதியின் அடியில் தரைவிரிப்பு மடிந்து கிடக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சிரிப்பாகத் தோன்றலாம், ஆனால் மிதி அடிவரை போகாவிட்டால் கிளட்ச் முழுவதும் விடாது. அடுத்து, உங்கள் காரின் கிளட்ச் கேபிளால் இயங்குகிறதா, ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக்கா என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கேபிள் என்றால் உள் இழைகள் நீண்டுபோயிருக்கலாம், அல்லது மிதியில் இருக்க வேண்டிய ஃப்ரீ பிளே, அதாவது கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் மிதி இறங்கும் வெறும் தூரம், அளவுக்கு மேல் கூடியிருக்கலாம். காரின் கையேட்டில் உள்ள அளவுக்குத் திருகிச் சரிசெய்தாலே பல நேரங்களில் வேலை முடிந்துவிடும்.

ஹைட்ராலிக் என்றால் கவனிக்க வேண்டியது அதிகம். மிதியை நான்கைந்து முறை வேகமாக மிதித்து விட்டு, உடனே கியர் போட்டுப் பாருங்கள். அப்போது மட்டும் எளிதாக விழுந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது மிதியோடு இணைந்து ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் தேய்ந்து அழுத்தத்தைக் கசியவிடுகிறது. பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில் தொட்டிதான். கிளட்சுக்குப் போகும் குழாய் தொட்டியின் மேற்பகுதியிலிருந்து பிரிவதால், அளவு குறைந்தால் முதலில் காற்றை இழுப்பது கிளட்ச்தான். பிரேக் பேட் தேயும்போதும் தொட்டியில் மட்டம் இறங்கும் என்பதால், இறங்கிய மட்டத்தை மட்டும் வைத்துக் கசிவு என்று முடிவுகட்டாமல் ஈரத்தைத் தேடுங்கள். மிதிக்கு மேலே மாஸ்டர் சிலிண்டரின் தண்டு நுழையும் இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள். கியர் பாக்ஸின் வெளிப்புறத்தில் அந்த அழுத்தத்தை வாங்கிக் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் இருந்தால் அதன் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். உதவிக்கு ஒருவரை மிதிக்கச் சொல்லி, ஸ்லேவின் தண்டு எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதைப் பணிமனைக் கையேட்டின் அளவோடு ஒப்பிடுவதுதான் இவற்றுள் மிக நம்பகமான சோதனை. தண்டு போதிய தூரம் நகரவில்லை என்றால் கோளாறு கியர் பாக்ஸுக்கு வெளியே இருக்கிறது. முழுத் தூரமும் நகர்ந்தும் கிளட்ச் விடவில்லை என்றால்தான் வளைந்த ஃபோர்க் (ஸ்லேவின் தள்ளலைக் கிளட்சுக்குக் கொண்டுசெல்லும் கவை), கெட்டுப்போன பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் தட்டு), கோணிய கிளட்ச் பிளேட், இன்புட் ஷாஃப்டின் பள்ளங்களில் துரு ஏறிப் பிளேட் நகராமல் நிற்பது ஆகியவற்றை நினைக்க வேண்டும். என்ஜினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலின் நடுவே, இன்புட் ஷாஃப்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் உள்ள வண்டிகளில் அது இறுகிப் போனாலும் இதே அறிகுறிகள் வரும். கிளட்ச் சரியாகவே விட்டிருக்கும், ஆனால் பேரிங் வழியாக என்ஜின் ஷாஃப்டைச் சுழற்றிக்கொண்டிருக்கும். ஸ்லேவ் சிலிண்டர் உள்ளேயே, கிளட்சை விடுவிக்கத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்து அமைந்த கார்களில் இந்தத் தண்டுச் சோதனையைச் செய்ய வழியில்லை.

என்ஜின் அணைந்தபோதும் கடினமாக இருப்பவர்கள், கியர் பாக்ஸின் மேலுள்ள லீவரிலிருந்து கேபிள் முனையைக் கழற்றிவிட்டு அந்த லீவரைக் கையால் அசைத்துப் பார்க்கலாம். அது இலகுவாக அசைந்தால் கேபிள் உள்ளே துருப்பிடித்திருக்கிறது, அல்லது முனையில் உள்ள பிளாஸ்டிக் புஷ் நைந்திருக்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் லீவர் இடம் மாறுவது போல் தோன்றினால் என்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடிப்பான என்ஜின் மவுண்டைப் பாருங்கள்.

ஒரே ஒரு கியர் மட்டும், பெரும்பாலும் இரண்டாவது, ஓட்டத்தில் முரண்டு பிடித்து மற்றவை சரியாக இருந்தால் அந்தக் கியரின் சிங்க்ரோனைசர் தேய்ந்திருக்கலாம். நியூட்ரலுக்கு வந்து கிளட்சை விட்டு, கீழ்க் கியருக்குப் போவதென்றால் சற்று ஆக்ஸிலேட்டர் கொடுத்து, மறுபடி மிதித்துப் போடும் பழைய முறையில் அது வெண்ணெய் போல விழுந்தால் சந்தேகம் உறுதியாகும். 1928-இல் கேடிலாக் கார்களில் சிங்க்ரோனைசர் வரும் வரை ஓட்டுநர்கள் பெரும்பாலும் அப்படித்தான் ஓட்டினார்கள்.

காலையில் மட்டும் எல்லாக் கியரும் இறுகி, சற்று ஓடியபின் சரியானால் கியர் ஆயிலைக் கவனியுங்கள். கையேட்டில் ஜிஎல்-4 என்ற கியர் ஆயில் தரத்தைச் சொல்லியிருக்க, ‘உயர்ந்தது’ என்று ஜிஎல்-5 ஊற்றுவது பரவலான தவறு. சிங்க்ரோனைசர் வளையம் உராய்வை நம்பியே வேலை செய்கிறது, அந்த ஆயிலின் வேதிச் சேர்க்கைகள் உராய்வைக் குறைத்துவிடலாம், பித்தளை வளையங்களுக்கும் ஒத்துவராமல் போகலாம். மாற்றும்போது ஊற்றும் துளையின் போல்ட்டை முதலில் கழற்றுங்கள். அது கழலாமல் போனால் வடித்த ஆயிலுக்கு ஈடாக எதையும் ஊற்ற முடியாது. வடிந்த ஆயிலில் பொன்னிறத் துகள் மின்னினால் அது வளையங்களின் தேய்மானம். வடிக்கும் துளையின் போல்ட்டில் காந்தம் இருந்தால், அதில் ஒட்டிய மெல்லிய சாம்பல் பசை வழக்கமானது. கையில் தட்டுப்படும் இரும்புச் சில்லுகள் வழக்கமானவை அல்ல.

உங்கள் காரைப் பொறுத்தவரை, காத்திருந்து ரிவர்ஸ் போடும் சோதனையையும் மிதியைப் பலமுறை மிதிக்கும் சோதனையையும் மெக்கானிக்கின் முன்னாலேயே செய்து காட்டுங்கள். ஹைட்ராலிக் என்றால் பழைய ஆயிலை வெளியேற்றி, மூடியில் எழுதியிருக்கும் வகையைச் சேர்ந்த டாட் 3 அல்லது டாட் 4 ஆயிலை ஊற்றிக் காற்றை எடுத்துவிடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் கரகரப்பு நீடித்து, வெளிப்புறத்தில் குறை எதுவும் அகப்படாவிட்டால் கியர் பாக்ஸை இறக்கலாம். அப்போது கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் ஆகியவற்றையும், இருந்தால் பைலட் பேரிங்கையும் ஒன்றாக மாற்றி, ஃப்ளைவீலின் முகத்தையும் என்ஜினின் பின்புற ஆயில் சீலையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். இவற்றில் ஒன்றை மட்டும் மிச்சம் பிடித்தால் அதற்காகவே மறுபடி கியர் பாக்ஸை இறக்க நேரலாம்.