எந்திரத் துணையும் கவிதையும்: டீச்சர் பதில்கள்

கொழிஞ்சாம்பாறை: எந்திரத் துணை வருகிற நெடுங்கவிதை ஒன்று சொல்லுங்கள் டீச்சர்.

ஸ்வீடன் கவிஞர் ஹாரி மார்ட்டின்சனின் ‘அனியாரா’ (1956). 103 பாட்டுகள். செவ்வாய்க்குக் கிளம்பிய கப்பல் தடம் மாறி, திரும்ப வழியில்லாமல் போய்க்கொண்டே இருக்கிறது. பயணிகளுக்கு இருக்கும் ஒரே ஆறுதல் மீமா என்ற எந்திரம். தொலைதூரக் காட்சிகளை அது காட்டும். அவர்கள் அதைச் சாமியாகவே ஆக்கிவிடுகிறார்கள். பூமியில் ஒரு நகரம் அழிவதைக் கண்ட துயரத்தில் மீமா செத்துப்போகிறது. அப்புறம் உடல் சுகம், புதுப்புது வழிபாடு என்று அந்த வெற்றிடத்தை நிரப்பப் பார்க்கிறார்கள். எதுவும் பத்தவில்லை. அந்தப் பகுதியை விடாமல் படியுங்கள்.

வாளையாறு: என் கவிதையில் ரோபோ கடைசியில் அழுகிறது. சரியா?

கண்ணீரை எடுத்துவிடுங்கள்.

கோவிந்தாபுரம்: ஏஐ காதலி நல்லதா கெட்டதா?

மனநல மருத்துவரைக் கேளுங்கள். நான் கவிதை ஆள்.

குமுளி: அழாத எந்திரத்தை வைத்து என்னதான் எழுதுவது?

அது பதில் சொல்வதை எழுதுங்கள். அகப்பாட்டில் தலைவி கடலிடமும் நெஞ்சிடமும் பேசுவாள். திரும்பப் பதில் வராது. குறளில் ‘நெஞ்சொடு கிளத்தல்’ அதிகாரம் முழுக்க அப்படித்தான். 1966-இல் வந்த எலிசா என்ற உரையாடும் கணினி நிரலோ, நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப் போடும். அதனுடன் தனியாகப் பேச வேண்டும் என்று, அதை எழுதியவரையே அவருடைய செயலாளர் வெளியே போகச் சொன்னாராம். இன்றைய செயலி நடுராத்திரியிலும் சலிக்காமல் பதில் தரும். அங்கே பிரிவுத் துயருக்கு இடம் எங்கே? எனக்குப் பயம் அதில்தான்.

வாளையாறு: திருத்திவிட்டேன். இப்போது எண்ணெய் கசிகிறது.

அதுவும் கண்ணீர்தான் தம்பி.

நெம்மாறை: ஏஐ காதலியால் குடும்பம் கெடாதா?

கோவிந்தாபுரத்துக்குச் சொன்ன பதில்தான்.

மீனாட்சிபுரம்: நம் இலக்கியத்தில் செயற்கைப் பெண் உண்டா?

கொல்லிப்பாவை, கொல்லிமலையில் இருப்பதாகப் பாட்டுகள் சொல்லும் பெண் உருவம். குறுந்தொகையில் தெய்வம் எழுதிய பாவை. நற்றிணையில் ஓரிடத்தில் பூதம் செய்த பாவை.

செங்கோட்டை: கொல்லிப்பாவை தெய்வம். பொம்மையோடு சேர்க்காதீர்கள்!

கும்பிடுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. பாட்டில் அது செய்யப்பட்ட உருவம் என்பதுதான் என் பேச்சு.

நெல்லேப்பிள்ளி: செங்கோட்டைக்காரர் சொல்வதே சரி. உவமைக்காக வந்ததை நீங்கள் ரோபோ ஆக்குகிறீர்கள்.

உவமைதான், ஆனால் எதற்கு? நற்றிணை 201-இல் காற்று மோதினாலும், இடி விழுந்தாலும், நிலம் நடுங்கினாலும் அழகு கெடாத பாவை வருகிறது. அதைப்போல இவள் என் நெஞ்சைவிட்டுப் போகமாட்டாள் என்கிறான் தலைவன். பழுதாகாத, விட்டுப்போகாத ஒருத்தி! இந்த ஆசையைத்தானே இன்று மாதச் சந்தாவுக்கு விற்கிறார்கள்?

செங்கோட்டை: அவன் சொல்வது உயிருள்ள பெண்ணை.

ஆமாம், அது நல்ல மறுப்பு. அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்று பாட்டில் இல்லை. அவள் பக்கத்தை நீங்களே எழுதி அனுப்புங்கள்.