அப்பாவின் பட்டறை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானூறு ஆண்டுக்கு முந்தைய இத்தாலிய ஓவியர் கரவாஜியோ பற்றிய உங்கள் கட்டுரை படித்தேன். அந்தக் காலத்துப் பெண் ஓவியர்களைத் தேடியபோது ஆர்ட்டெமீசியா ஜென்டிலெஸ்கி கிடைத்தார். தன்னைச் சிதைத்தவனையே ஹோலோஃபெர்னஸாக (விவிலியக் கதையில் யூதித்து என்ற பெண் தலையை வெட்டும் படைத்தலைவன்) வரைந்து கழுத்தை அறுத்தார் என்கிறார்கள். இவர்களெல்லாம் வீட்டை எதிர்த்து வந்தவர்கள்தானே?

க.

அன்புள்ள க.,

வீட்டை எதிர்த்து என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அன்று இத்தாலியில் தூரிகை பிடித்த பெண்களில் பலர் ஓவியர் வீட்டுப் பெண்கள். வெளியாள் பட்டறையில் பெண்பிள்ளையை வேலை பழக விடமாட்டார்கள், நிர்வாண மாடலை வைத்து வரையவும் வழியில்லை, ஆக அப்பாவின் வண்ணமும் அப்பாவின் வாடிக்கையாளர்களும்தான் கதி. (சோஃபோனிஸ்பா அங்குவிசோலா வேறு கதை. பிரபு வீட்டுப் பெண், ஸ்பெயின் அரண்மனை வரை போனவர்.)

பொலோஞ்யா நகரத்து ஓவியர் மகள் லவீனியா ஃபொன்டானாவைப் பாருங்கள். 1577இல் கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டுக்கென்றே தன் படத்தை வரைகிறார். நல்ல உடை, கழுத்தில் பவளம், விரல்கள் கிளாவிகார்ட் என்ற பழைய விசைப்பலகை இசைக்கருவியின் மேல், பின்னால் இசைத்தாளோடு வேலைக்காரி. குடும்பப்பெண் லட்சணம் எல்லாம் இருக்கிறது. ஆனால் தள்ளி, ஜன்னலோரமாக, படம் வரையும் தாங்குசட்டம் ஒன்று நிற்கிறது. சீதனமே அதுதான்! கல்யாணத்துக்குப் பிறகும் அவர் தொடர்ந்து வரைவார் என்பது ஒப்பந்தம். கணவர் ஜான் பாவுலோ ஸாப்பியும் ஓவியர்தான், ஆனால் மனைவிக்கு உதவியாளராகவே இருந்துவிட்டார். பதினோரு பிள்ளை பெற்றுக்கொண்டே லவீனியா பலிபீட ஓவியங்கள் வரை வரைந்து தள்ளினார். இதைச் சுதந்திரம் என்பதா, உழைப்புச் சுரண்டல் என்பதா? எனக்கு இரண்டும் தெரிகிறது. அதே ஊரில் அடுத்த நூற்றாண்டில் எலிசபெத்தா சிரானி, அப்பாவின் கை மூட்டுவாதத்தில் முடங்கியதும் பட்டறையையே தாங்கி, 27 வயதில் செத்தும் போனார்.

அப்புறம் ஆர்ட்டெமீசியா. அவரைச் சிதைத்த அகோஸ்தீனோ தாஸ்ஸி, ஓவியரான அப்பாவின் கூட்டாளி. வழக்குப் போட்டதும் அப்பாதான், அந்த மனுவில் காணாமல்போன ஒரு பெரிய யூதித்து ஓவியமும் இருக்கிறது, மகளின் மானத்தோடு சரக்கும் சேர்த்து! 1612 விசாரணையில் ஆர்ட்டெமீசியாவின் விரல்களில் கயிற்றை இறுக்கி உண்மை கேட்டார்கள், ஓவியரின் விரல்களில். அந்தக் கோபம் ஹோலோஃபெர்னஸ் படத்தில் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் குளிக்கும்போது தொல்லை கொடுக்கும் முதியவர்கள் முன் அருவருப்பில் முறுக்கிக்கொள்ளும் விவிலியச் சூசன்னாவை அவர் 1610இலேயே வரைந்துவிட்டார், தாஸ்ஸி விவகாரம் 1611. பழிவாங்கல் என்ற ஒரே சாவியைப் போட்டால் இந்தக் கதவு திறக்காது.

யூதித்தைப் பார்க்கும்போது ரத்தத்தை விட்டுவிட்டு வேலைக்காரியைக் கவனியுங்கள். கரவாஜியோவிடம் அவள் கிழவி, ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறாள். ஆர்ட்டெமீசியாவிடம் இளம்பெண், முழு பலத்தோடு அவனைப் படுக்கையில் அழுத்திப் பிடித்திருக்கிறாள்.