கலிபோர்னியாவில் கட்டட கான்ட்ராக்டர் உரிமம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கோவையில் சிவில் இன்ஜினியரிங் படித்தேன். இரண்டு ஆண்டுகளாகச் சான் ஓசேயில், வீடுகளைப் புதுப்பித்துத் தரும் ஒரு நிறுவனத்தில் தச்சு, பிளம்பிங், டைல்ஸ் என எல்லா வேலைகளையும் செய்கிறேன். இனிச் சொந்தமாகத் தொழில் செய்ய விருப்பம். உரிமம் உள்ள ஒருவருக்கு மாதாமாதம் பணம் கொடுத்து, அவருடைய உரிம எண்ணிலேயே வேலை எடுக்கலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: கூடாது. யாருடைய தகுதியைக் காட்டி உரிமம் பெறப்படுகிறதோ, அவர் வேலையை நேரடியாகக் கண்காணித்து நடத்த வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். பெயரை மட்டும் வாடகைக்கு விடுபவருக்குச் சிறைத் தண்டனைகூடக் கிடைக்கலாம். உங்கள் பங்குக்கும் ஆபத்து உண்டு. முறையான உரிமமின்றி வேலை செய்தவர் கூலி பாக்கிக்காக நீதிமன்றம் போக முடியாது என்பதோடு, உரிமம் இல்லை என்று தெரிந்தே வேலை கொடுத்த வீட்டுக்காரரும் தாம் கொடுத்த பணம் முழுவதையும் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாம்.

நேர்வழி அவ்வளவு கடினமும் அல்ல. உரிமம் வழங்கும் கான்ட்ராக்டர்ஸ் ஸ்டேட் லைசென்ஸ் போர்டு, கடந்த 10 ஆண்டுகளுக்குள் 4 ஆண்டு அனுபவம் கேட்கிறது. சித்தாளாகவோ பயிற்சியாளாகவோ இருந்த காலம் இதில் சேராது. யாரும் பக்கத்தில் நின்று சொல்லித் தராமலே வேலையை முடிக்கத் தெரிந்த கொத்தனார், தச்சர், மேஸ்திரி நிலையில் இருந்த காலமே கணக்கு. தொழிலோடு தொடர்புள்ள பட்டப்படிப்புக்கு அதிகபட்சம் 3 ஆண்டுகள் வரை கழித்துக்கொள்வார்கள் என்பதால், நம் ஊர்ப் பட்டத்தை அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டு நிறுவனத்திடம் காட்டிச் சான்று வாங்கிவிடுங்கள். எவ்வளவு கழிப்பது என்பது போர்டின் முடிவு.

பலரும் தடுக்கி விழுவது பரீட்சையில் அன்று, அனுபவச் சான்றுப் படிவத்தில்தான். உங்கள் வேலையை நேரில் கண்ட முதலாளியோ சக தொழிலாளியோ, பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதியுடன் அதில் கையெழுத்திட வேண்டும். ‘எல்லாக் கட்டட வேலையும் செய்தார்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் போதாது. பொதுக் கட்டட வேலைக்கான ‘பி’ பிரிவுக்கு, வீட்டின் எலும்புக்கூடான மரச்சட்டத்தை நிறுத்தும் (ஃப்ரேமிங்) வேலையையும், அதோடு தொடர்பில்லாத குறைந்தது இரண்டு தொழில்களையும் தனித்தனியே குறிப்பிட வேண்டும். செங்கல்லிலும் கான்கிரீட் தூணிலும் பழகிய நம் இன்ஜினியர்கள் அந்த மரச்சட்டத்தைத்தான் மறந்துவிடுகிறார்கள். முதலாளியோடு மனக்கசப்பு வருமுன் கையெழுத்தை வாங்கிவிடுவது உத்தமம்.

மற்றவை நடைமுறைகள்: சட்டமும் வணிகமும் பற்றி ஒன்று, தொழில் பற்றி ஒன்று என இரண்டு தேர்வுகள், கைரேகைப் பதிவு, 25,000 டாலருக்கான பிணைப்பத்திரம் (கான்ட்ராக்டர் தவறினால் பாதிக்கப்பட்டவருக்கு ஈடு கிடைப்பதற்கான உத்தரவாதம்). இந்தத் தொகையை முழுதாகக் கட்டவேண்டியதில்லை, ஆண்டுதோறும் அதற்கான பிரீமியம் செலுத்தினால் போதும். உரிமம் கிடைக்கும்வரை, கட்டட அனுமதி (பெர்மிட்) தேவைப்படாத, கூலியும் பொருளும் சேர்த்து 1,000 டாலருக்கு உட்பட்ட சில்லறை வேலைகளை, ஆள் வைக்காமல் நீங்களே செய்யலாம். 2025 ஜனவரிக்கு முன் இந்த வரம்பு 500 டாலராக இருந்தது.

கேள்வி: ஃப்ரீமான்டில் எங்கள் சமையலறையைப் புதுப்பிக்க, கான்ட்ராக்டர் பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். வீட்டுச் சீரமைப்பு ஒப்பந்தங்களில் முன்பணம் மொத்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. தனிப் பிணை கொடுத்துள்ள சில கான்ட்ராக்டர்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. அவருடைய உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, அது நடப்பில் இருக்கிறதா என்று போர்டின் இணையதளத்தில் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.