கருத்தாடல் பகுப்பாய்வு மாநாட்டுக்குப் பேட்டித் தொகுப்பு போதுமா?

கொழும்பில் நடக்கும் கருத்தாடல் பகுப்பாய்வு (பேச்சிலும் எழுத்திலும் சொற்கள் சமூகத்தில் என்ன செய்கின்றன என்ற ஆய்வு) மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் எழுதுகிறீர்கள்; பேட்டிகளைத் தொகுத்துச் சொன்னால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. என்ன சொன்னார்கள் என்பதைவிட, ஏன் அந்தச் சொல், அது யாரை எங்கே நிறுத்துகிறது என்பதுதான் இங்கே கேள்வி. எடுத்துக்காட்டாக, இலங்கை மலையகத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர் குடிசன மதிப்பீட்டில் நெடுங்காலமாக 'இந்தியத் தமிழர்'. அவர்களில் பலர் தங்களைச் சொல்வதோ 'மலையகத் தமிழர்'. ஆட்கள் ஒன்றுதான். முதலில் சொன்ன பெயர் வந்த இடத்தைக் காட்டுகிறது, மற்றது வாழும் மண்ணை. அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், பெயரின் கனம் புரியும்.

அப்புறம், கருத்தாடல் பற்றி எழுதிய பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோவின் பெயரைப் போட்டால் மட்டும் சுருக்கம் தேறாது. எந்த ஆவணங்கள், எந்தக் காலம் என்று முதலிலேயே எழுதுங்கள். தமிழ்ப் பேட்டியென்றால் மூல வரியையும் கொடுங்கள். ஆங்கிலத்தில் 'நாங்கள்', 'நாம்' இரண்டும் ஒரே சொல்லாகிவிடும்.