மெஜஸ்டிக்கிலிருந்து ஏர்போர்ட்: எத்தனை மணிக்குக் கிளம்புவது?

கேள்வி: மதுரையிலிருந்து அப்பா, அம்மா காலை ரயிலில் பெங்களூரு வருகிறார்கள். மாலை 6.30-க்கு சிங்கப்பூர் விமானம். பஸ் போதுமா, டாக்ஸிதான் பிடிக்க வேண்டுமா?
— வாசகி, அல்சூர்

பதில்: பஸ்ஸே போதும். ரயில் நிலையத்துக்கு எதிரே மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் 'வாயு வஜ்ரா' கேஐஏ-9 ஏசி பஸ் கிடைக்கும். பெட்டி வைக்க உள்ளேயே இடம் உண்டு. ஏர்போர்ட் இருக்கும் தேவனஹள்ளி சுமார் 35 கி.மீ.; ஆனால் கிலோமீட்டரை நம்பாதீர்கள், ஹெப்பாளைக் கணக்கில் வையுங்கள். ரிங் ரோடு வண்டிகள் பெல்லாரி சாலையில் சேரும் இடம் அது. மழை பெய்தால் டாக்ஸியும் அங்கே நின்றுதான் ஆக வேண்டும், கூடுதல் காசு கொடுத்து! இரண்டு மணி நேரம் ஒதுக்கி, 1 மணிக்கே பஸ் ஏறட்டும்.

வெளிநாட்டு விமானம் என்பதால் 2-ஆம் டெர்மினல்; ஏறும்போதே கண்டக்டரிடம் சொல்லிவிடுங்கள். வாசலில் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். நம்மவர்கள் மாட்டுவது இனிஷியலில்: பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் விரிவாக இருக்க, டிக்கெட்டில் 'எஸ்.' மட்டும் இருக்கும். அதை இன்றே ஏர்லைனில் பேசித் திருத்துங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான்.